ஒரு வீட்டின் இரண்டாம் பயணம்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கொடுப்பதைக் குறித்துப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது கைமாறிப் போகும் வழியை உங்களோடு சேர்ந்து பார்க்கலாம் என்று எண்ணினேன். அந்தப் பொருள் ஒரு வீடு. வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கென்று அவசரமாகக் கட்டப்படுகிற தற்காலிக வீடு.

வெள்ளம் வந்து போன ஊரில் என்ன நடக்கிறது என்பதை நாம் அறிவோம். முதல் சில நாட்கள் பள்ளிக்கூடம், ஆலயம், திருமண மண்டபம் என்று கிடைத்த இடத்தில் மக்கள் தங்குகிறார்கள். பின்னர் அரசாங்கமோ தொண்டு நிறுவனங்களோ தற்காலிக வீடுகளை அமைத்துக் கொடுக்கின்றன. ஓரிரு ஆண்டுகளில், சில இடங்களில் அதற்கும் வெகு காலம் கழித்து, அக்குடும்பங்கள் நிரந்தர வீடுகளுக்குப் போய்விடுகின்றன. அவர்கள் போன பிறகும் அந்தத் தற்காலிக வீடுகள் நிற்கின்றன. கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, சமையல் மேடையும் இருக்கிறது. ஆனால் குடியிருக்க ஆள் இல்லை.

அதே வேளையில் மலையடிவாரங்களிலும் தார்ச்சாலை முடிகிற இடத்துக்கு அப்பாலும் வாழுகிற மக்களுக்கு வீடு இல்லை. ஒரே அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் குடும்பங்கள் உண்டு. நர்ஸ் தங்குவதற்கு ஓர் அறை இல்லாத காரணத்தால் மருந்தகம் திறக்கப்படாத ஊர்களும் உண்டு. "இங்கே மீந்து கிடக்கிறது, அங்கே தேவைப்படுகிறது, ஏற்றி அனுப்பிவிட்டால் என்ன?" என்று நல்ல மனம் படைத்த எவருக்கும் தோன்றும்.

அது நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த எண்ணம் எப்போது பெறுகிறவருக்கு நன்மையாகிறது, எப்போது பாரமாகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். இரண்டு நாடுகளின் அனுபவம் இதற்கு நமக்கு உதவுகிறது. முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். பிறகு ஜப்பானுக்குச் செல்வோம்.

அமெரிக்காவில் நடந்தது

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி கத்ரீனா என்னும் சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காத்து நின்ற வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இலட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள்.

ஃபீமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய அரசின் பேரிடர் நிறுவனம் உடனே தற்காலிக வீடுகளை வாங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,45,000 வீடுகள் வாங்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் சிறிய டிரெய்லர்கள். மற்றவை மொபைல் ஹோம் எனப்படும், தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்குகிற சற்றுப் பெரிய வீடுகள். செலவு சுமார் 270 கோடி டாலர்.

இதில் முதல் இடறல் விரைவிலேயே வந்தது. வெள்ளம் ஏறக்கூடிய தாழ்வான நிலத்தில் மொபைல் ஹோம்களை வைக்கக் கூடாது என்று ஃபீமாவின் விதியே சொன்னது. வீடிழந்தவர்களில் பெரும்பகுதியினரின் நிலமோ அத்தகைய தாழ்நிலம். ஆகவே ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்னும் சிற்றூரின் விமான நிலையத்தில் ஏறத்தாழ 10,000 புதிய வீடுகள் வரிசை வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டன. ஒருவரும் குடியேறவில்லை. ஹோப் என்றால் நம்பிக்கை என்று பொருள். அந்தப் பெயருள்ள ஊரில் ஆளில்லாத வீடுகள் வெயிலிலும் மழையிலும் நின்றதை நாடு முழுவதும் பேசிற்று.

இரண்டாவது இடறல் இதைக் காட்டிலும் கடுமையானது. டிரெய்லர்களில் குடியேறியவர்கள் கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, இருமல் நிற்கவில்லை, மூக்கில் இரத்தம் வருகிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். மிசிசிப்பி கடற்கரையில் பணிபுரிந்த குழந்தை மருத்துவர் ஒருவர், தம்மிடம் திரும்பத் திரும்ப வந்த பிள்ளைகள் பலரும் டிரெய்லரில் வாழ்பவர்கள் என்பதைக் கவனித்துச் சொன்னார். காரணம் ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு.

இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாகத் தோன்றலாம், பொருள் புதிதல்ல. மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் உடல் திசுக்கள் கெடாமல் இருக்கப் போட்டு வைக்கிறோமே, அந்த ஃபார்மலின் என்பது இதே வாயு நீரில் கரைந்திருப்பதுதான். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு ஆகிய பலகைகளை ஒட்டும் பசையில் இது கலந்திருக்கிறது. மலிவான பசையாக இருந்தால், வீடு புதிதாக இருக்கும் காலத்தில் பலகையிலிருந்து வாயு கசிந்துகொண்டே இருக்கும். வெயிலும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். அறை சிறியது, சன்னல்கள் குறைவு, ஏர்கண்டிஷனர் ஓடுவதற்காக எல்லாம் அடைக்கப்பட்டிருக்கிறது. தென்கரையின் கோடையில் அந்த வீட்டுக்குள் இருக்கும் காற்றை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். இவ்வாயு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ஆம் ஆண்டிலேயே, அதாவது கத்ரீனாவுக்கு முந்தின ஆண்டிலேயே, முடிவு செய்திருந்தது.

2006-ஆம் ஆண்டில் ஒரு சுற்றுச்சூழல் சங்கம் முப்பதுக்கும் மேற்பட்ட டிரெய்லர்களைச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் வாயுவின் அளவு மிகுந்திருந்தது. இருந்தும் அரசாங்கத்தின் விரிவான சோதனை உடனே நடக்கவில்லை. சோதித்தால் பொறுப்பேற்க நேரிடும் என்று ஃபீமாவின் சட்ட ஆலோசகர்கள் தயங்கியது 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் வெளிவந்தது. முடிவில் 519 வீடுகளை அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் சோதித்து, 2008 பிப்ரவரியில் முடிவை அறிவித்தது. 100 கோடிப் பங்கு காற்றில் சராசரியாக 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருந்தது. சாதாரண வீடுகளில் இது 10 முதல் 20 பங்குதான். ஒரு சில வீடுகளில் 500-ஐத் தாண்டியிருந்தது. கோடை வருமுன் மக்களை அந்த வீடுகளிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று மையம் கேட்டுக்கொண்டது. அதற்குள் இரண்டரை ஆண்டுகள் கடந்திருந்தன. குடியிருந்தவர்கள் தொடுத்த வழக்கில், வீடுகளைச் செய்த நிறுவனங்களும் ஒப்பந்தக்காரர்களும் சேர்ந்து 4 கோடியே 26 இலட்சம் டாலர் தருவதென 2012-இல் முடிவாயிற்று.

மீதமானவை யாரிடம் போயின?

இப்போது நம்முடைய பொருளுக்கு வருகிறோம். இத்தனை வீடுகளையும் பின்னர் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவின் பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலங்களில் பல, பெருநகரங்களிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளன. அங்கே வீட்டுப் பஞ்சம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பயன்படாமல் நிற்கும் மொபைல் ஹோம்களை இம்மக்களுக்குக் கொடுக்கலாம் என்று 2006-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தில் வழி செய்தது. மொபைல் ஹோம்கள் சிறிய டிரெய்லர்களைக் காட்டிலும் ஓரளவு மேலானவை. 2008-ஆம் ஆண்டுச் சோதனையில் டிரெய்லர்களின் சராசரி 81 பங்காகவும் இவற்றின் சராசரி 57 பங்காகவும் இருந்தது. ஆயினும் சாதாரண வீட்டை விட இது பல மடங்கு அதிகம் என்பதை மறக்கலாகாது.

வீடு இலவசம் என்றார்கள். ஆனால் அதை ஏற்றிச் செல்லும் கூலி, இறக்கி நிறுத்தும் செலவு, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு இவை யாவும் பெறுகிறவர் தலையில் விழுந்தன. நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்கு ஒரு முழு வீட்டை இழுத்துச் செல்வது சிறு செலவல்ல. இதோடு தட்பவெப்பமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவில் இவ்வகை வீடுகளைச் செய்யும்போதே அது எந்த மண்டலத்துக்கு உரியது என்று வகுக்கிறார்கள். தென்கரைக்குச் செய்யப்பட்ட வீடு சூறாவளிக் காற்றை எண்ணிச் செய்யப்படுகிறது. வட மாநிலங்களில் கூரைமேல் குவியும் பனியின் பாரமும், இரத்தம் உறையும் குளிரும் அதன் கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட வீட்டை வடக்கே கொண்டு வைத்தால், குளிரைத் தாங்க எரிபொருளுக்கே அந்தக் குடும்பத்தின் வருமானம் கரைந்துபோகும்.

ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்களும் வீடுகளும் 2010-ஆம் ஆண்டு ஏலத்தில் விற்கப்பட்டன. "இதைக் குடியிருக்கப் பயன்படுத்தக் கூடாது" என்று டிரெய்லர்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. வாங்கியவர் மறுபடி விற்கும்போதும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் சில மாதங்களுக்குள்ளேயே மெக்சிகோ வளைகுடாவில் பரவிய எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளர்கள் அதே டிரெய்லர்களில் தங்கியிருப்பதைப் பத்திரிகைகள் கண்டுபிடித்து எழுதின. ஒட்டப்பட்ட காகிதம் வழியில் எங்கோ உரிந்துபோயிற்று. வீடு மட்டும் ஏழை இருக்கும் இடத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு நன்மையும் விளைந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒட்டுப் பலகைகளிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடுக்கு வரம்பு விதிக்கும் சட்டம் 2010 ஜூலையில் அமெரிக்காவில் நிறைவேறியது. துன்பப்பட்ட குடும்பங்கள் வாய் திறந்து பேசியதன் பலன் அது.

மருந்துக்கு உள்ள விதி

மருத்துவப் பணியைத் தாங்கும் உங்களுக்கு இந்தக் கதை வேறொன்றை நினைவூட்டக்கூடும். ஒரு காலத்தில் பேரிடர் நடந்த நாடுகளுக்கு உலகெங்கிலுமிருந்து மருந்து மூட்டைகள் வந்து குவியும். பிரித்துப் பார்த்தால் பாதி பயன்படுத்திய அட்டைகளும், நாள் கடந்த பாட்டில்களும், படிக்க முடியாத மொழியில் எழுதிய பெட்டிகளும் கலந்திருக்கும். அவற்றைத் தரம் பிரிக்கவே ஆட்கள் வேண்டும். எரித்து அழிக்கவும் பணம் வேண்டும்.

ஆகவே 1996-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கு நெறிமுறைகளை வகுத்தது. பெறுகிறவர் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும். ஒரு நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தை அனுப்பக் கூடாது. போய்ச் சேரும் நாளில் காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு மீதமிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுக்கிற நாட்டில் ஏற்கத்தகாத தரமுள்ள மருந்து பெறுகிற நாட்டிலும் ஏற்கத்தகாதது. தரத்தில் இரண்டு அளவுகோல் இருக்கலாகாது.

வீட்டுக்கு இப்படி ஒரு விதியை ஏன் வைக்கக் கூடாது? "நம் பிள்ளைகள் இதில் உறங்க நாம் சம்மதிப்போமா?" என்ற கேள்வி ஒன்றே போதும். சம்மதிப்போம் என்றால் அனுப்பலாம். இல்லையென்றால், தொலைவில் இருப்பவர் ஏழை என்பதற்காக அந்தப் பதில் மாறாது.

இந்த விதிக்கு உட்பட்டு ஒரு பழைய வீடு மறுபடி பயன்பட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும் என்பதற்கு ஜப்பான் சாட்சி.

ஜப்பானில் நடந்தது

2011 மார்ச் 11-ஆம் தேதி ஜப்பானின் வடகிழக்குக் கரையை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. 50,000-க்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகள் கட்டப்பட்டன. அவற்றுள் மிகுதியானவை இரும்புச் சட்டத்தில் தகடு பொருத்திய வீடுகள். அவை விரைவில் எழுந்தன. ஆனால் வடகிழக்கின் குளிர்காலம் வந்தபோது சுவரில் நீர் வேர்த்தது. கம்பளிப் போர்வைகள் நனைந்தன. குளிர்காப்புப் பொருத்துவதற்குப் பிறகு தனியாகச் செலவழிக்க வேண்டியிருந்தது.

ஆனால் சில இடங்களில் வேறு வழியை மேற்கொண்டார்கள். இவாத்தே மாகாணத்தில் சுமிதா என்ற சிறு நகரம் இருக்கிறது. அது மலைக்குள் இருப்பதால் சுனாமி அதைத் தொடவில்லை. ஆனால் அண்டைக் கடற்கரை நகரங்கள் அழிந்துபோயின. சுமிதாவின் தொழில் மரவேலை. அதன் நகரத் தலைவர் பேரிடருக்கு முன்பே, உள்ளூர் மரத்தால் தற்காலிக வீடு செய்வதற்கான வரைபடத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்தார். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் அந்த மார்ச் மாதத்திலேயே நகரின் சொந்த நிதியில் வேலையைத் தொடங்கினார். அண்டை ஊர் மக்களுக்காக 93 தனித்தனி வீடுகள் எழுந்தன. ஒவ்வொன்றும் சுமார் 30 சதுர மீட்டர். இசைக்கலைஞர் ரியூச்சி சகமோட்டோ தொடங்கிய மோர் ட்ரீஸ் என்னும் அமைப்பு நன்கொடையாளர்களைத் திரட்டி அந்தச் செலவைத் தாங்க முன்வந்தது.

ஃபுகுஷிமா மாகாணமும் உள்ளூர்த் தச்சர்களையும் சிறு கட்டடக்காரர்களையும் அழைத்து ஆயிரக்கணக்கான மரவீடுகளைக் கட்டச் செய்தது. அவற்றுள் ஒரு வகையை நீங்கள் கவனிக்க வேண்டும். கட்டடக் கலைப் பேராசிரியர் குனிஹிரோ ஆண்டோ பழைய தானியக் களஞ்சியங்களைப் பார்த்து உருவாக்கிய முறை அது. நம் ஊர்ப் பழைய மளிகைக் கடைகளில் இரவு கடையடைக்கும்போது பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காடியில் செருகுவார்களே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு பலகைக்கும் எண் எழுதியிருக்கும். காலையில் கழற்றி அடுக்கிவிடுவார்கள். ஏறக்குறைய அதே வழிதான். காடி வெட்டிய தூண்களுக்கு நடுவே 30 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைகளை மேலிருந்து செருகிச் சுவர் எழுப்புகிறார்கள். முழுமரப் பலகையாகையால் சுவருக்கு ஒட்டுப் பசை வேண்டியதில்லை. செருகியதைக் கழற்றலாம். கழற்றியதை வேறிடத்தில் மறுபடி செருகலாம். இம்முறையில் பல வீடுகள் இவாக்கி நகரில் கட்டப்பட்டன.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 2018 ஜூலையில் மேற்கு ஜப்பானில் கனமழை பெய்து ஆறுகள் கரையுடைத்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒக்கயாமா மாகாணத்தின் சோஜா நகரும் பாதிக்கப்பட்டது. வெள்ளம் புகுந்த அதே இரவில் அங்கே ஓர் அலுமினியத் தொழிற்சாலையும் வெடித்துச் சுற்றியிருந்த வீடுகள் சிதைந்தன. அப்போது இவாக்கியில் குடியிருந்தவர்கள் வெளியேறி வெறுமையாயிருந்த மரவீடுகளைக் கழற்றி, பல நூறு கிலோமீட்டர் லாரிகளில் கொண்டுவந்து, சோஜாவில் 48 வீடுகளாக மறுபடி எழுப்பினார்கள். சுனாமியில் துன்புற்றவர்களைக் காத்த பலகைகள் வெள்ளத்தில் துன்புற்றவர்களையும் காத்தன.

மலைக்கிராமங்களுக்கு இந்த முறை இன்னும் பொருத்தமானது. முழு வீட்டையும் லாரியில் ஏற்றினால் அகலமான சாலை வேண்டும், பாரந்தாங்கும் பாலம் வேண்டும், இறக்குவதற்குக் கிரேன் வேண்டும். பலகையாகப் பிரித்த வீடு சிறிய வண்டியிலும் போகும். வண்டி நிற்கிற இடத்திலிருந்து தோளிலும் போகும். அங்குள்ள தச்சரே சுத்தியலை எடுத்து நிறுத்திவிடலாம். பத்தாண்டு கழித்து ஒரு பலகை உளுத்தால் அவரே மாற்றியும் விடலாம்.

சாலை இருக்குமிடத்தில் முழு வீட்டுக்கும் ஒரு நன்மை உண்டு. அது வேகம். 2020 ஜூலை 4-ஆம் தேதி குமமோட்டோ மாகாணத்தின் குமா ஆறு பெருக்கெடுத்தது. மலைகளுக்கு நடுவே உள்ள குமா என்ற கிராமத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் மட்டும் 14 பேர் இறந்தார்கள். இரயில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. அந்தக் கிராமத்துக்கு, ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்ட மரவீடுகள் லாரிகளில் வந்து இறங்கின. தேவை முடிந்ததும் தூக்கி வேறிடத்துக்குக் கொண்டுபோகும்படி செய்யப்பட்டவை அவை. இதே வகை வீடுகள் 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தில் சோஜாவின் அண்டை நகரமான குராஷிகியிலும் பயன்பட்டிருந்தன.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். மீந்த கட்டடம் வீடாகவே போக வேண்டும் என்பதில்லை. கட்டடக் கலைஞர் டோயோ இட்டோவும் நண்பர்களும் தற்காலிகக் குடியிருப்புகளின் நடுவே மக்கள் கூடி உட்காரச் சிறு பொதுவீடுகளைக் கட்டினார்கள். "எல்லாருக்குமான வீடு" என்று அவற்றுக்குப் பெயர். முதலாவது பொதுவீடு 2011-ஆம் ஆண்டு செண்டாய் நகரில், தெற்கே வெகுதொலைவிலுள்ள குமமோட்டோ மாகாணத்தார் அளித்த உதவியால் எழுந்தது. குடியிருப்பு மூடப்பட்டபின் 2017-இல் அதைக் கழற்றிக் கடலோர ஊர் ஒன்றில் பொதுக்கூடமாக நிறுத்தினார்கள். இதற்கிடையில் 2016-ஆம் ஆண்டு குமமோட்டோவையே நிலநடுக்கம் தாக்கியது. கொடுத்தவர்கள் பெறுகிறவர்களானார்கள். ஆனால் எப்படிக் கட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. தங்கள் தற்காலிகக் குடியிருப்புகளில் அத்தகைய பொதுவீடுகளைப் பல ஊர்களில் எழுப்பினார்கள்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

இரண்டு நாடுகளுமே செல்வமுள்ளவை. இரண்டிலும் நல்ல மனமுள்ளவர்கள் இருந்தார்கள். வேறுபாடு எங்கே? சோஜாவுக்குப் போன வீடுகளைக் கட்டிய முறையிலேயே கழற்றும் வழியும் அடங்கியிருந்தது. அமெரிக்காவில் வீடு வாங்கப்பட்ட நாளில் அப்படி ஓர் எண்ணம் இல்லை. மீந்த பிறகுதான் யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடினார்கள். எனவே மீந்த வீட்டைக் கொடுப்பதற்கான ஏற்ற காலம், அது மீதமாவதற்கு முன்பே, முதல் தூணை நடும் வேளையே.

ஒரு வெள்ள நிவாரணப் பணிக்கு உங்கள் சபையோ குடும்பமோ பணம் கொடுக்கும்போது நான்கு கேள்விகளைத் தாழ்மையோடு கேளுங்கள்.

முதலாவது: இந்த வீட்டைக் கழற்ற முடியுமா? ஆணியடித்து, பசையூற்றி, கான்கிரீட்டில் புதைத்த வீடு ஒரே இடத்துக்குத்தான். திருகாணியும் காடியும் கொண்டு கட்டிய வீட்டுக்கு முதல் நாளில் சற்றுக் கூடுதல் செலவாகலாம். அந்தக் கூடுதல் தொகை இரண்டாவது குடும்பத்துக்காக நாம் இன்றே கொடுக்கும் பங்கு.

இரண்டாவது: இது எதனால் செய்யப்பட்டது, அதன் குறைகள் யாவை என்று எழுதப்பட்டிருக்கிறதா? நோயாளியோடு மருத்துவக் குறிப்புச் சீட்டும் சேர்ந்து போவது போல, வீட்டோடு அதன் வரலாறும் போக வேண்டும். எந்த ஆண்டு செய்தது, வெள்ளநீர் உள்ளே ஏறியதா, பூஞ்சை பிடித்ததா, கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டா என்று பெறுகிறவர் தம் மொழியில் வாசித்து அறிய வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.

மூன்றாவது: போக்குவரத்துக்கும் நிறுவுவதற்கும் பணம் இருக்கிறதா? வீட்டை மட்டும் கொடுத்துவிட்டு லாரிக்கூலியை ஏழையிடம் கேட்பது, மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு மருந்தைக் கொடாமல் அனுப்புவது போன்றது. கழிப்பறை, குடிநீர், மின்சாரம், தரை உயர்த்துதல் யாவும் சேர்ந்ததே ஒரு வீடு. தொலைவிலுள்ள ஊரில், இலவசமாய் வருகிற வீட்டைவிட இவற்றுக்குச் செலவு மிகுதியாகலாம். அப்படியானால் பணத்தைக் கொடுத்து அங்கேயே மண்ணாலும் மூங்கிலாலும் கட்டச் சொல்வது நலம். கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: முதலில் குடியிருந்தவர்களுக்கு நிரந்தர வீடு கிடைத்துவிட்டதா? ஜப்பானில் தற்காலிக வீட்டுக்கு இரண்டு ஆண்டுகள் என்பதே சட்டம். ஆனால் ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு, இவாத்தே, மியாகி மாகாணங்களில் கடைசிக் குடும்பங்கள் வெளியேற ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. கடைசியில் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் முதியோரும் தனித்தவர்களும் வருமானம் குறைந்தவர்களும்தான். மலைக்கிராமத்துக்கு வீடு வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு மூதாட்டியின் தலைக்கு மேலிருக்கும் கூரையை நாம் பிரித்துவிடக் கூடாது.

அதேபோல, பெறுகிற ஊருக்கும் இது நிரந்தர வீட்டுக்குப் பதிலாக ஆகிவிடக் கூடாது. "உங்களுக்குத்தான் வீடு கொடுத்தாயிற்றே" என்று சொல்லி, அம்மக்களுக்கு வரவேண்டிய அரசாங்க வீட்டுத் திட்டத்தை நிறுத்திவைக்க ஒரு பழைய டிரெய்லர் காரணமாகிவிடலாம். ஆகவே எதற்காக, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை எழுதி வைத்துக் கொடுப்பது நல்லது. பல ஊர்களில் அதை நர்ஸின் குடியிருப்பாகவும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் அறையாகவும், பிரசவத்துக்கு முன் தாய்மார் வந்து தங்கும் இடமாகவும் பயன்படுத்தினால் ஊர் முழுவதும் பலனடையும். ஒரு குடும்பத்துக்குக் கொடுத்து மற்ற குடும்பங்களின் மனத்தாங்கலுக்கு இடமாக்குவதும் தவிர்க்கப்படும்.

அன்பானவர்களே, நமது வீடுகளில் பழைய துணிகளை மூட்டை கட்டும்போது நம்மில் பலரும் ஒன்று செய்கிறோம். துவைத்து, கிழிந்ததைத் தைத்து, பொத்தான் இல்லாததற்குப் பொத்தான் வைத்துக் கொடுக்கிறோம். தைக்க முடியாததைத் தரை துடைக்க எடுத்து வைத்துக்கொள்கிறோம். இதை நமக்கு யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. நம் தாய்மார் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். வீட்டைக் கொடுக்கும்போதும் அந்தப் பழக்கத்தையே நாம் கைக்கொள்ள வேண்டும்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கோ ஓரிடத்தில் வெள்ளம் வரும். நிவாரணத்துக்கென்று வேண்டுகோளும் உங்கள் கைக்கு வரும். தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது அதனோடு ஒரு சிறு கடிதத்தையும் இணையுங்கள். "நீங்கள் கட்டப்போகும் தற்காலிக வீடுகள் பின்னர் எங்கே போகும்? அவற்றைக் கழற்ற முடியுமா? கொண்டுபோகும் செலவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதுங்கள். பத்து நன்கொடையாளர் இப்படிக் கேட்டால் அந்த நிறுவனம் சிந்திக்கும். நூறு பேர் கேட்டால் திட்டத்திலேயே அதற்கு இடம் வைப்பார்கள். மலைமேல் வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்தக் கடிதத்தின் பலன் நாலைந்து ஆண்டுகள் கழித்துப் போய்ச் சேரும்.